அம்புக்குறிக்கு வலப்புறம்: ஜாவா பெட்டிகளின் குப்பை லாக்கைப் படிப்பது எப்படி

ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் மே மாதத்தில் வைஃபை சுணங்கினால், விடுதியின் வரவேற்பு மேசையில் நிற்பவருக்குத்தான் வசவு விழும். அப்படியொரு வாரத்தில் ஏரிப் பக்கமிருக்கும் ஒரு விடுதியின் மேலாளர் சேலத்தில் இருந்த என்னை அழைத்தார். அங்கே வைஃபை முழுவதையும் நிர்வகிப்பது கண்ட்ரோலர் என்ற பெட்டி, அதற்குள் ஓடுவது ஜாவா மொழியில் எழுதிய நிரல். நடப்பதையெல்லாம் அது வரிவரியாக எழுதிவைக்கும் கோப்புதான் லாக். "சார், கண்ட்ரோலர் பெட்டியின் லாக்கில் நேற்று ஒரே நாளில் எட்டாயிரம் தடவைக்கு மேல் ஃபெயிலியர் என்று பதிவாகியிருக்கிறது. பெட்டியையே மாற்ற வேண்டும் என்று விற்றவர்கள் கொட்டேஷன் அனுப்பிவிட்டார்கள். மாற்றிவிடலாமா?" என்று கேட்டார். கொட்டேஷன் தொகையைக் கேட்டபோது எனக்கே அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவும் ஒரே மூச்சில் ஏறியதுபோல் இருந்தது. லாக்கை முதலில் அனுப்புங்கள் என்றேன்.

வந்தது. வரிக்கு வரி இதே மாதிரிதான். பெட்டி ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

ஜிசி, அலோகேஷன் ஃபெயிலியர், 462848கே->203776கே(1005056கே), 0.031 செகண்ட்

இந்த வரியில் எந்தப் பழுதும் இல்லை. வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கான வரவுக் குறிப்பு இது. "ஃபெயிலியர்" என்ற சொல்லை இங்கே வைத்த பொறியாளர்கள், ஒருநாள் அதை ஒரு விடுதி மேலாளர் படிப்பார் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஜாவாவில் எழுதிய நிரல், ஓடும்போது சின்னச் சின்ன ஆப்ஜெக்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஒரு கைபேசி வைஃபையில் சேர்ந்தால் அதற்கொரு பதிவு, வலையமைப்பில் கருவிகளை இணைக்கும் ஒரு ஸ்விட்சிடம் நிலவரம் கேட்டால் அந்தப் பதிலுக்கு ஒரு துண்டு நினைவகம் என்று நினைவகத்தில் எடுத்துக்கொண்டே போகும். வேலை முடிந்ததும் நிரல் அதைத் திருப்பிக் கொடுப்பதில்லை. யாருக்கும் தேவைப்படாமல் கிடப்பதைக் கண்டுபிடித்து இடத்தை மீட்பது ஜாவா இயந்திரத்தின் பொறுப்பு. அதற்குப் பெயர்தான் கார்பேஜ் கலெக்ஷன், சுருக்கமாக ஜிசி. இந்த யோசனை ஜாவாவைவிடப் பழையது. 1959 வாக்கில் லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி உருவாக்கியது. ஜாவா வெளிவந்தது 1995இல்.

இதைப் புரிந்துகொள்ளக் கல்யாண மண்டபத்துப் பந்தியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மேசை நெடுகக் காகிதம் விரித்து இலை போடுகிறார்கள். சாப்பிட்டவர்கள் எழுந்து போகிறார்கள். அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறது, ஆனால் மேசையில் வெற்றிடம் இல்லை. அப்போது என்ன செய்வார்கள்? இன்னும் பாயசத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேரை இலையோடு பக்கத்து மேசைக்கு நகர்த்திவிட்டு, காகிதத்தை ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே போவார்கள். எச்சில் இலைகள் நூறு இருந்தாலும் இருநூறு இருந்தாலும் சுருட்டும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். நேரம் பிடிப்பது எழுந்திருக்காதவர்களை நகர்த்துவதற்கு. புதிதாகப் பிறக்கும் ஆப்ஜெக்டுகள் முதலில் இருக்கும் இடம் ஜாவா நினைவகத்தின் இளைய பகுதி. அங்கே நடப்பது இதேதான். செத்த ஆப்ஜெக்டுகளை அது தொடுவதே இல்லை. உயிரோடு இருப்பவற்றைப் பக்கத்து இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, பழைய இடத்தை மொத்தமாகக் காலி என்று வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான ஆப்ஜெக்டுகள் பிறந்த சற்று நேரத்திலேயே பயனற்றுப் போகின்றன என்ற கவனிப்பை வைத்து டேவிட் அங்கர் 1984இல் எழுதியதன் வழிவந்த முறை இது.

"அலோகேஷன் ஃபெயிலியர்" என்பது, வந்தவருக்கு இந்த மேசையில் இலை போட இடமில்லை, அதனால் மேசையைச் சுருட்டினேன் என்பதுதான். வந்தவரைப் பட்டினியாகத் திருப்பி அனுப்பியதாக அர்த்தமில்லை. பலமுறை நகர்த்தியும் எழுந்திருக்காதவர்கள் இருப்பார்கள், பெண்வீட்டுப் பெரியப்பாக்கள் மாதிரி. அவர்களை மாடி அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அதுதான் முதிய பகுதி. எத்தனை நகர்த்தலுக்குப் பிறகு மாடி என்பதற்கு உச்ச வரம்பு 15. நகர்த்துகிற நேரத்தில் பரிமாறுவது நிற்கும், அதாவது நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகளான எல்லா இழைகளும் நிற்கும். லாக்கில் கடைசியாக வரும் செகண்ட் கணக்கு அந்த நிறுத்தத்தின் நீளம்.

இப்போது வரிக்குத் திரும்புவோம். அம்புக்குறிக்கு இடப்புறம் சுருட்டுவதற்கு முன் இருந்த அளவு, 452 எம்பி. வலப்புறம் சுருட்டிய பின் மிஞ்சியது, 199 எம்பி. அடைப்புக்குள் இருப்பது மொத்த இடம், 981 எம்பி. பெட்டிக்கு 1 ஜிபி ஒதுக்கியிருந்தோமே, மீதி எங்கே என்று விடுதியின் கணினிப் பையன் கேட்டான், நல்ல கேள்வி. நகர்த்தப்படுபவர்களுக்காக எப்போதும் காலியாக ஒரு பக்கத்து மேசை வேண்டும். பழைய வகை ஜிசிகள் அதைக் கணக்கில் சேர்க்காமல் காட்டும். அந்த நாற்பது சொச்சம் எம்பிதான் காணாமல் போனது.

நிறுத்தம் 31 மில்லி நொடி. இந்த வரி சுமார் பத்து நொடிக்கு ஒருமுறை வந்திருந்தது. நாளுக்கு 86,400 நொடி, ஆகவே எட்டாயிரத்து அறுநூறு வரி. மேலாளரைக் கலங்கடித்த எண் அதுதான். பத்து நொடிக்கு 31 மில்லி நொடி என்றால் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரம். மீதி நேரமெல்லாம் பெட்டி உருப்படியான வேலையில் இருந்தது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் லாக்கில் "ஃபெயிலியர்" என்று தேடி, எத்தனை முறை வந்தது என்று எண்ணிக் கொட்டேஷன் போடுவது எனக்கு ஒப்பாத காரியம்.

அதேபோல் டேஷ்போர்டில் "நினைவகம் 90 சதவீதம்" என்று சிவப்பில் காட்டினால் பதறுகிறவர்கள் உண்டு. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டால் யாரும் அணைக்குப் பழுது என்று சொல்வதில்லை. ஜாவாவின் ஹீப், அதாவது ஆப்ஜெக்டுகளுக்கு ஒதுக்கிய நினைவகம், நிரம்பத்தான் செய்யும். நிரம்பிய பிறகுதான் அது சுருட்டவே தொடங்கும். நிரம்பும் தருணத்தில் எடுத்த படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வடிந்த பிறகு எவ்வளவு நிற்கிறது என்பதே கேள்வி. அதனால்தான் அம்புக்குறிக்கு வலப்புறம் பார்க்கச் சொல்கிறேன்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இளைய பகுதியைச் சுருட்டும் வரிகளில் வலப்புற எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். 199, 200, 202 என்று. இதைப் பார்த்து நினைவகக் கசிவு, அதாவது எடுத்த இடம் மீளாமல் சேர்ந்துகொண்டே போகிறது, என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாடிக்குப் போனவர்களில் பலர் அங்கே போனதும் கிளம்பியிருப்பார்கள், ஆனால் அந்த அறைகளை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை. மாடியையும் சேர்த்துக் கூட்டிப் பெருக்கும் நாளில்தான் உண்மை தெரியும். அந்த வரி இப்படி இருக்கும்:

ஃபுல் ஜிசி, எர்கோனாமிக்ஸ், 917504கே->327680கே(1005056கே), 1.84 செகண்ட்

எர்கோனாமிக்ஸ் என்பது, ஜாவா தானே கணக்குப் போட்டு எடுத்த முடிவு என்பதற்கான பெயர். 896 எம்பி, 320 எம்பி ஆயிற்று. இந்த 320தான் நிரலுக்கு உண்மையிலேயே தேவைப்படும் நினைவகம். ஃபுல் ஜிசி வரிகளை மட்டும் தனியே எடுத்து வலப்புற எண்களைத் தேதி வாரியாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் போதும். ஒரே மட்டத்தில் நின்றால் பெட்டி நலம். படிப்படியாக ஏறினால் யாரோ மாடி அறையைக் காலி செய்ய மறுக்கிறார்கள். நான் எக்செல்கூடத் திறப்பதில்லை, பேனாவே போதும்.

லாக்கின் சொற்கள் ஜாவாவின் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது இன்னொரு தலைவலி. வலையமைப்புப் பெட்டிகளில் நாம் ஜாவாவைத் தேர்ந்தெடுப்பதில்லை. பெட்டிக்குள் பதித்து வரும் மென்பொருளான ஃபர்ம்வேரைக் கட்டிய நாளில் தயாரிப்பாளர் எதை வைத்தாரோ அதுவே ஆண்டுக்கணக்கில் ஓடும். 2014இல் வந்த ஜாவா 8 இன்னும் பல பெட்டிகளில் இருக்கிறது. 2017இல் வந்த ஜாவா 9 முதல் லாக்கின் வடிவமே மாறியது. ஜி1 என்ற ஜிசி இயல்பானதாக ஆனது, "அலோகேஷன் ஃபெயிலியர்" இருந்த இடத்தில் "ஜி1 எவாகுவேஷன் பாஸ்" வந்தது. பாஸ் என்றால் நிறுத்தம். எவாகுவேஷன், வெள்ளத்தில் மக்களை வெளியேற்றுவதற்குச் சொல்கிற சொல். பயமுறுத்தும் சொல் ஒன்று போய் இன்னொன்று வந்தது. ஆனால் சிறிய பெட்டிகளில், அதாவது இரண்டு சிபியுவுக்கோ ஏறத்தாழ 2 ஜிபி நினைவகத்துக்கோ குறைவானவற்றில், புதிய ஜாவா பதிப்புகள் பலவும் தானாக சீரியல் என்ற எளிய வகையைத்தான் தேர்ந்தெடுக்கும். அங்கே பழைய "அலோகேஷன் ஃபெயிலியர்" அப்படியே தொடரும். எந்த வகை ஓடுகிறது என்பதைப் புதிய லாக் தொடக்கத்திலேயே "யூஸிங் ஜி1" என்றோ "யூஸிங் சீரியல்" என்றோ சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் கீழே இறங்கக் கூடாது.

ஜி1இல் "ஹியூமங்கஸ் அலோகேஷன்" என்று அடிக்கடி வந்தால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஜி1 ஹீப்பைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு துண்டின் பாதி அளவோ அதற்கு மேலோ உள்ள ஆப்ஜெக்ட் பூதாகரமானது என்று தனியாக வைக்கப்படும். 1 ஜிபி ஹீப்பில் துண்டு 1 எம்பி. ஆகவே 512 கேபி இருந்தாலே பூதம்தான். ஊர் முழுவதுமுள்ள ஸ்விட்சுகளின் வரைபடத்தை ஒரே மூச்சில் நினைவகத்தில் ஏற்றும் நிரல், கான்ஃபிகரேஷன் பேக்கப்பை ஒரே துண்டாக வாங்கும் நிரல் எல்லாம் இதைச் செய்யும்.

உண்மையில் தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய சொற்கள் சில உண்டு. "டூ-ஸ்பேஸ் எக்ஸாஸ்டட்" என்றால் நகர்த்தப் பக்கத்து மேசையிலும் இடமில்லை. பழைய சிஎம்எஸ் வகையில் "கன்கரண்ட் மோட் ஃபெயிலியர்" என்றால் பின்னணியில் பெருக்கிக்கொண்டிருந்தவர் முடிப்பதற்குள் மண்டபம் நிரம்பிவிட்டது, ஆகவே எல்லாவற்றையும் நிறுத்தியாக வேண்டும். இந்த ஃபெயிலியர் அசல் ஃபெயிலியர். சிஎம்எஸ்ஸையே 2020இல் ஜாவா 14 நீக்கிவிட்டது. "ஜிசி ஓவர்ஹெட் லிமிட் எக்ஸீடட்" வந்தால், 98 சதவீத நேரத்தைப் பெருக்குவதில் செலவழித்தும் 2 சதவீத இடம்கூட மீளவில்லை என்று பொருள். அதன்பின் பெட்டி உயிரோடு இருந்தும் பயனில்லை. மாறாக, நிரலின் வகுப்பு விவரங்களுக்கான இடம் எல்லையைத் தொட்டதைச் சொல்லும் "மெட்டாடேட்டா ஜிசி த்ரெஷோல்ட்" பெட்டியை இயக்கிய சற்று நேரத்தில் ஓரிரு முறை வந்தால் விட்டுவிடலாம்.

சாதாரண இணையதளத்தில் இரண்டு நொடி நிறுத்தம் யாருக்கும் தெரியாமல்கூடப் போகலாம். வலையமைப்புப் பெட்டியில் கதை வேறு. முதலில் நல்ல செய்தி. பெரும்பாலான பெட்டிகளில் பாக்கெட்டுகளை, அதாவது இணையத் தரவின் துண்டுகளை, கடத்தும் வேலையை ஜாவா செய்வதில்லை. அது சிப்பும் கீழ்மட்ட நிரலும் செய்வது. ஜாவா மேலாண்மைப் பக்கத்தில் மட்டும் இருக்கும். ஆகவே கண்ட்ரோலர் மயங்கி நின்றாலும் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட விருந்தினரின் வீடியோ ஓடும். புதிதாக வருபவருக்கு லாகின் பக்கம் திறக்காது. "எனக்கு வருகிறது, இவருக்கு வரவில்லை" என்ற புகாரின் வேர் பல நேரம் இங்கேதான்.

கெட்ட செய்தி, இதயத்துடிப்பு. இரண்டு பெட்டிகளை இணையாக வைத்து ஒன்று விழுந்தால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால், ஒன்று மற்றொன்றுக்கு நொடிக்கொரு முறை "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தியை அனுப்பும் இழையும் ஜாவாவுக்குள் இருந்தால், ஜிசி நிறுத்தத்தில் அதுவும் நிற்கும். நின்றவருக்குத் தான் நின்றது தெரியாது. எதிர்ப்பக்கமோ ஆள் போய்விட்டார் என்று பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

ஷெவராய் மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு இப்படித்தான் ஆனது. ஒரு பெட்டி சேலம் அலுவலகத்தில், இணைப் பெட்டி மேலே எஸ்டேட்டில். நடுவில் ரேடியோ இணைப்பு. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிவாக்கில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மேல்பெட்டி, "சேலத்துடன் தொடர்பு அறுந்தது" என்று எழுதிவிட்டுத் தானே தலைமையை எடுத்துக்கொள்ளும். தொடர்பு அறுந்தது என்று லாக் சொன்னால் மலையில் யார்மேல் சந்தேகம் போகும்? மூடுபனி, இடி, டிஷ்ஷுக்கு எதிரே வளர்ந்த சில்வர் ஓக் கிளை. பராமரிப்புக்காரப் பையன் மூன்று முறை டவரில் ஏறி டிஷ்ஷைத் திருப்பினான், கிளையை வெட்டினான். தீரவில்லை.

அறுந்ததாகச் சொன்ன பெட்டியை விட்டுவிட்டு, கீழே சேலம் பெட்டியின் ஜிசி லாக்கைப் பார்த்தோம். இரண்டு மணிக்கு ஒன்றுமே இல்லை. பிறகுதான் உறைத்தது, அந்தப் பெட்டி யுடிசி நேரத்தில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில், எழுதுகிறது. நம் இரண்டு மணி அதற்கு முந்தைய நாள் இரவு எட்டரை. 20:30 என்று தேடியதும் கிடைத்தது:

யூசர் 0.41, சிஸ் 0.38, ரியல் 6.72 செகண்ட்

இந்த மூன்று எண்களை ஒரு காப்பித் தோட்டக்காரருக்கு விளக்குவது எளிது. நாலு பேர் ஒரு மணி நேரம் பழம் பறித்தால் கூலிக் கணக்கு நாலு மணி, கடிகாரத்தில் போனது ஒரு மணி. யூசரும் சிஸ்ஸும் கூலிக் கணக்கு, அதாவது சிபியுக்கள் உழைத்த நேரம். ரியல் கடிகாரம். பல சிபியுக்கள் சேர்ந்து பெருக்கினால் கூலிக் கணக்கு கடிகாரத்தைவிட அதிகமாக இருப்பதுதான் இயல்பு. இங்கே கடிகாரம் 6.72, கூலி ஒரு நொடிகூட இல்லை. ஆட்கள் பறிக்கவில்லை, ஜீப்புக்காகக் காத்து நின்றிருக்கிறார்கள்.

சேலம் பெட்டி தனிப்பெட்டியே அல்ல, ஒரு சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் இயந்திரம். அதே சர்வரில் இரவு இரண்டு மணிக்குக் கணக்குப் பிரிவின் பேக்கப் ஓடும். அது நினைவகத்தைக் கேட்டதும், சர்வர் எங்கள் ஜாவா ஹீப்பின் தூங்கும் பக்கங்களை, அதாவது சற்று நேரமாக யாரும் தொடாத நினைவகத் துண்டுகளை, டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டது. சும்மா இருந்தால் தெரிந்திருக்காது. ஜிசி வந்து எல்லா அறையையும் தட்டிப் பார்க்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் டிஸ்க்கிலிருந்து திரும்ப வரவழைக்க வேண்டியதாயிற்று. ஐந்து துடிப்பு தவறினால் ஆள் இல்லை என்பது அமைப்பு. 6.72 நொடி நின்றால் வேறென்ன ஆகும்? அந்த மெய்நிகர் இயந்திரத்துக்கு நினைவகத்தை நிலையாக ஒதுக்கிய பிறகு பிரச்சினை போனது. ஹீப்பின் அளவைக் கூட்டச் சொன்னவர்களும் இருந்தார்கள். கூட்டியிருந்தால் டிஸ்க்குக்குப் போகும் பக்கங்கள்தான் கூடியிருக்கும்.

மணிக்கொரு முறை பிசகாமல் வரும் ஃபுல் ஜிசி இன்னொரு வகை. காரணம் என்ற இடத்தில் "சிஸ்டம் டாட் ஜிசி" என்று இருக்கும். இடம் போதாமல் நடந்ததல்ல, நிரலே கேட்டு நடந்தது. ஜாவா பெட்டிகள் ஒன்றோடொன்று பேச ஆர்எம்ஐ என்ற பழைய வழியைப் பயன்படுத்தினால், தொலைவில் கிடக்கும் ஆப்ஜெக்டுகளை விடுவிக்க அதுவே ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுப் பெருக்கலைக் கேட்கும். இயல்பான இடைவெளி 36,00,000 மில்லி நொடி. சுவரில் உள்ள கடிகாரத்தின் மணியோடு இது ஒத்துப்போகாது. பெட்டியை 10:17க்கு இயக்கினால் ஒவ்வொரு மணியிலும் ஏறக்குறைய 17ஆம் நிமிடம் லாகின் பக்கம் தடுமாறும். ரீபூட் செய்தால் நிமிடம் மாறும், உடனே ரீபூட்டில் சரியாகிவிட்டது என்று ஒரு வதந்தி பிறக்கும். நடுவில் வேறு காரணத்தால் ஒரு ஃபுல் ஜிசி நடந்தால் அங்கிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும்.

ரீபூட் என்றதும் சொல்லியாக வேண்டும். ஜாவா 8இல் சுழற்சி அமைப்போ பெயரில் நேரமோ இல்லாமல் ஜிசி லாக் எழுதினால், மறுபடி இயக்கும்போது பழைய கோப்பின் மேலேயே புதிதாக எழுதிவிடும். பெட்டி தொங்கியதும் முதல் வேலையாகச் சுவிட்சை அணைத்துப் போடுகிற நம் வழக்கம், தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது. இந்தப் பெட்டிகளுக்குள் நேரடியாக நுழைய பெரும்பாலும் விடமாட்டார்கள். ஆனால் மேலாண்மைப் பக்கத்தில் உதவிக் கோப்புகளைப் பதிவிறக்கும் பொத்தான் இருக்கும். ரீபூட்டுக்கு முன் அதை அழுத்தி ஜிப் கோப்பைக் கைக்கு எடுத்துவிட வேண்டும். லாக்கில் தேதிக்குப் பதில் 86412.557 என்பதுபோல் மட்டும் இருந்தால், அது இயக்கியதிலிருந்து கடந்த நொடிகள். இயக்கிய நேரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏரிப் பக்கத்து விடுதிக்கு வருகிறேன். எட்டாயிரம் வரிகளைப் பற்றி மேலாளருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ஃபுல் ஜிசி வரிகளைத் தேடினேன். பத்து நாளில் நாலே நாலு. வலப்புறத்தில் முறையே 320, 391, 470, 556 எம்பி. நிறுத்தமும் 1.84 நொடியிலிருந்து மூன்று நொடிக்கு வளர்ந்திருந்தது. எட்டாயிரத்துக்குப் பயந்தவர்கள் யாரும் இந்த நாலைப் படித்திருக்கவில்லை, கொட்டேஷன் அனுப்பியவர்கள் உட்பட. பெட்டிக்கு நோய் இருந்தது உண்மைதான், அவர்கள் சொன்ன நோய் இல்லை.

அமைப்புகளைப் புரட்டியபோது கிடைத்தது. வந்துபோன ஒவ்வொரு விருந்தினரின் கைபேசிப் பதிவையும் காலவரம்பில்லாமல் வைத்திருக்கும்படி யாரோ தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த நிரல் அவ்வளவையும் நினைவகத்திலேயே ஏற்றி வைத்துக்கொண்டிருந்தது. கோடை விழாக் கூட்டம் சேர்ந்ததும் மாடி அறைகள் நிரம்பத் தொடங்கின. வரம்பை 30 நாளுக்கு மாற்றி ஒருமுறை மறுபடி இயக்கினோம், லாக்கை எடுத்துக்கொண்ட பிறகுதான். அடுத்து வந்த ஃபுல் ஜிசியில் வலப்புறம் 298. அதற்கடுத்ததில் 301. அலோகேஷன் ஃபெயிலியர் இப்போதும் நாளுக்கு எட்டாயிரம் சொச்சம் முறை வருகிறது. மேலாளர் அந்த எண்ணை மட்டும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவதை நிறுத்தியிருக்கிறார்.